அத்தை தனியாகப் போய் வரக்கூடிய தெரு

உ
சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள விசாலத்துக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன், உன் அத்தை எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

சிங்கப்பூருக்கு அறை பார்க்கிறேன் என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய நான்கையும் பார்த்தேன். போனில் பதில் சொல்லலாம் என்றால் நடுவில் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் கதை கேட்கிறான். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நான்கு படத்திலும் கட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, சுவரில் ஒரு டிவி. முதலில் வட்டாரத்தை முடிவு செய், ஓட்டலை அப்புறம் தேடலாம். வட்டாரத்தை எதை வைத்து முடிவு செய்வது? என் கணக்கு ஒன்றுதான். உங்கள் நால்வரில் முழங்கால் வலிக்காரர் உன் அத்தை. தமிழ் தவிர வேறு பாஷை தெரியாதவரும் அவர்தான். நீங்கள் மூன்று பேரும் வெயிலில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் யார் துணையும் இல்லாமல் கீழே இறங்கி, ஒரு காப்பி குடித்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு, வழி தப்பினாலும் கேட்டுக்கொண்டு அறைக்குத் திரும்ப முடிய வேண்டும். அப்படி ஒரு தெரு கிடைத்துவிட்டால் உங்கள் பயணமும் நிம்மதி. இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவர் அறையில் காவல் இருக்க வேண்டியதுதான். அவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், 'எனக்கென்ன, நான் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறேன்' என்பார்.

இப்படிப் பார்த்தால் நீ அனுப்பிய நான்கும் தேறாது.

மெரினா பே அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. 2010-ல் திறந்த அந்த மூன்று கோபுர ஓட்டலையும் பக்கத்துத் தோட்டத்தையும் பேரனுக்குக் காட்டாமல் வராதே. ஆனால் அது பார்த்துவிட்டு வரவேண்டிய இடம். வெளியே இறங்கினால் அகலச் சாலையும் கண்ணாடிக் கடைகளும்தான். இட்லி வேண்டுமென்றால் ரயிலேற வேண்டும். இன்னொன்று, 2008-லிருந்து அங்கே இரவு நேரக் கார் பந்தயம் நடக்கிறது. பெரும்பாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும். அந்த வாரத்தில் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அறை வாடகை எகிறிவிடும். நீங்கள் போவது அதே சமயம். டிக்கெட் போடும் முன் பந்தயத் தேதியைப் பார்த்துக்கொள்.

ஆர்ச்சர்ட் ரோடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மால் பார்க்க நீங்கள் சிங்கப்பூர் போகவேண்டியதில்லை, பெங்களூரில் இல்லாத மாலா?

கேலாங்கில் வாடகை குறைவு என்று மாப்பிள்ளை குறித்து வைத்திருக்கிறார். குறைவுதான். ஏன் குறைவு என்பதும் அவருக்குத் தெரியட்டும். அங்கே லோரோங் என்று சந்துகளுக்கு எண் போட்டிருப்பார்கள். இரட்டை எண் போட்ட சந்துகள் சிலவற்றில் அரசாங்கத்துக்குத் தெரிந்தே சிவப்பு விளக்குத் தொழில் நடக்கிறது. சாப்பாட்டுக்குப் பேர்போன வட்டாரம், வழிப்பறி பயமும் கிடையாது. தனியாக வேலைக்குப் போன ஆண்கள் தங்கிவிட்டு வந்து ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு உன் அத்தை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, 'இதென்ன மருமகளே?' என்று கேட்டால் நீதான் பதில் சொல்லவேண்டும்.

நான்காவதாக அனுப்பியது ஓட்டலே இல்லை. யாரோ தங்கள் பிளாட்டை நாள் வாடகைக்கு விடுவதாகப் போட்டிருக்கிறார்கள். சமையலறை இருக்கிறது, துணி துவைக்க மெஷின் இருக்கிறது என்று உனக்கு ஆசை. அதைத் தொடவே வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. அரசாங்க அடுக்குமாடி என்றால் ஆறு மாதம். அக்கம்பக்கத்தார் ஒரு புகார் கொடுத்தால் போதும், குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பீர்கள். சமையலறை வேண்டுமென்றால் உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடும்.

அப்புறம் நாச்சியப்பன் வீடு. வுட்லண்ட்ஸில் தன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்கிறான் என்றாய். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் வீட்டில் முகப்பு முதல் மூன்றாங்கட்டு வரை ஐம்பது பேர் வந்து படுத்தாலும் தெரியாது. அவனுடையது மூன்று அறைகொண்ட பிளாட், அதில் அவன் மாமனார் மாமியாரும் இருக்கிறார்கள். காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கவேண்டும். வுட்லண்ட்ஸ் தீவின் வடகோடி. நகரத்துக்குள் வந்து திரும்பவே தினமும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஒருநாள் சாயங்காலம் மாவுருண்டையும் சீப்புச்சீடையும் எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தங்கவில்லை என்ற வருத்தம் அவனுக்கு இருக்கும்தான். நான் போனில் பேசிக்கொள்கிறேன், அதை என்னிடம் விடு.

சரி, எங்கேதான் தங்குவது என்று கேட்பாய். சிராங்கூன் சாலையின் வடக்குப் பக்கம், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டி. கொஞ்சம் கிழக்கே தள்ளி ஜாலான் பெசார் வரை பார்க்கலாம், அதைத் தாண்டாதே. நான் அந்தப் பக்கத்துக் கடையில் கணக்கு எழுதிய பழக்கத்தால் சொல்கிறேன் என்று நினைக்காதே. அப்போது ஃபேரர் பார்க்கில் ரயிலே கிடையாது, அந்தத் தடம் 2003-ல்தான் வந்தது. இன்றைக்கு அந்த ஒரே தடத்தில் ஏறினால் தேக்கா என்கிற லிட்டில் இந்தியா, கிளார்க் கீ, சைனா டவுன் எல்லாம் தாண்டி ஹார்பர்ஃபிரண்ட் வரை நேராகப் போகலாம். அங்கிருந்து சென்டோசா தீவுக்கு மோனோரயில். ஜாலான் பெசாரிலிருந்து வேறொரு தடம், அதில் மெரினா பே தோட்டத்துக்கு இறங்கவேண்டிய பேஃபிரண்ட் மாறாமல் வரும். முழங்கால் வலிக்காரருக்குத் தூரத்தைவிடத் தடம் மாறி நடப்பதுதான் கஷ்டம். மண்டாய் மிருகக்காட்சி சாலை எங்கே தங்கினாலும் தூரம்தான், அதற்கு ஒருநாளை முழுதாக ஒதுக்கிவிடு.

அத்தைக்கு அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று சொல்கிறேன். ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் சீனிவாசப் பெருமாள் கோயில் கூப்பிடு தூரம். தைப்பூசத்துக்குக் காவடிகள் புறப்படுவது அங்கிருந்துதான். இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் வீரமாகாளியம்மன். பூக்கடை, வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் சாலையோரத்திலேயே. கோமள விலாஸ் 1947-லிருந்து அதே சாலையில் இருக்கிறது, காப்பிக்கு அங்கே போகலாம். கடைகளின் முன்னால் அஞ்சடி என்று கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது, மழை பெய்தாலும் பெரும்பாலும் நனையாமல் போய் வரலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. அந்தச் சாலையில் யாரை நிறுத்தி வழி கேட்டாலும் தமிழில் பதில் வரும். பேரனுக்கு ஏதாவது என்றால் கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனை லிட்டில் இந்தியா நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். பயண இன்சூரன்ஸ் எடுக்காமல் மட்டும் கிளம்பாதே, அங்கே வைத்தியச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அன்றுதான் விடுமுறை. வீட்டுக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க, ஊர்க்காரனைப் பார்க்க எல்லோரும் தேக்காவுக்குத்தான் வருவார்கள். 2013 டிசம்பரில் ஒரு கலவரம் நடந்ததால் வார இறுதியில் அந்த வட்டாரத்தில் பொது இடத்தில் குடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இப்போது கூட்டம்தான் உண்டே தவிர ரகளை இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, பாதிப் பேர் நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள். அன்று சாயங்காலத்தை நாச்சியப்பன் வீட்டுக்கு வைத்துக்கொள், சரியாக இருக்கும். அறை மட்டும் பெரிய சாலையைப் பார்த்து வேண்டாம், உள்பக்கமாகக் கேள்.

உங்கள் இருவருக்கு மட்டும் என்றால் நான் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். காத்தோங் பக்கம் போகச் சொல்லியிருப்பேன். பழைய வீடுகள், கடற்கரைப் பூங்கா, நல்ல சாப்பாடு. 2024-லிருந்து ரயிலும் வந்துவிட்டது. அது அடுத்த தடவைக்கு.

நம் நகரத்தார் ஆட்கள் சிங்கப்பூரில் தங்கியது வேறு கணக்கு. உன் பாட்டையா மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில்தான் இருந்தார், வட்டிக்கடையும் தங்குமிடமும் எல்லாம் அதுதான். ஆற்றங்கரையில் வியாபாரம், பக்கத்திலேயே பாங்குகள், அதனால் அங்கே. ஒரு நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குமேசையும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லோரும் பகலில் வட்டி வாங்கிய இடத்திலேயே ராத்திரி பாய் விரித்துப் படுப்பார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவது. குடும்பத்தைக் கூட்டிப்போகும் வழக்கமில்லை, ஆகையால் முழங்கால் வலிக்காரரைப் பற்றி யோசிக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை. கிட்டங்கிகள் எல்லாம் இடித்தாயிற்று. அந்தத் தெருவில் இப்போது 280 மீட்டர் உயரக் கட்டடம் நிற்கிறது. நம்மவர்கள் 1859-ல் கட்டிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, புதுப்பித்துக் கட்டியிருக்கிறார்கள். ஜாலான் பெசாரிலிருந்து ஃபோர்ட் கேனிங் இரண்டாவது நிலையம், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வா.

இனி அறை. விலையில் பிளஸ் பிளஸ் என்று போட்டிருந்தால் ஏமாறாதே. நூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்றால் அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், கூட்டிவந்த தொகைமேல் 9 சதவீதம் வரி. கடைசியில் 119 வெள்ளி 90 காசு ஆகும். இரண்டு ஓட்டலை ஒப்பிடும்போது எல்லாம் சேர்ந்த தொகையைப் பார். மலிவான அறைகளில் பல ஜன்னல் இல்லாதவை. வளவு முற்றத்தில் வானம் பார்த்துப் பழகிய உன் அத்தைக்கு அதில் ஒரு ராத்திரி ஓடாது, ஜன்னல் உண்டா என்று எழுதிக் கேள். பழைய கடைவீடுகளை ஓட்டலாக மாற்றியதில் சிலவற்றில் லிஃப்ட் இருக்காது, அதையும் கேள். மூன்று பெரியவர்களை ஒரு அறையில் பல இடங்களில் விடமாட்டார்கள். இடையில் கதவு வைத்த இரண்டு அறை கிடைத்தால் விலையைப் பார்க்காமல் எடுத்துக்கொள், மாப்பிள்ளையின் குறட்டை பற்றி ஆத்தா சொன்னாள்.

திருச்சியில் ராத்திரி விமானம் ஏறினால் அங்கே விடியற்காலையில் இறங்குவீர்கள். நான்கு மணி நேரம் பறந்து, இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊரில் இறங்குகிறீர்கள், யாரும் தூங்கியிருக்கமாட்டீர்கள். ஓட்டலில் அறை கொடுப்பது மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு. அதுவரை உன் அத்தையை வரவேற்பறை சோபாவில் உட்கார வைக்காதே. பகல் விமானம் பார், கிடைக்காவிட்டால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறை போட்டுவிடு, காசு போனால் போகட்டும். விமான நிலையத்திலிருந்து டாக்சியே எடுங்கள். செயலியில் கூப்பிடும் தனியார் கார் என்றால் பேரன் வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்த விதி இல்லை. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை டாக்சி மீட்டரில் பாதித் தொகை கூடுதலாக வரும், பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகவேண்டாம்.

கடைசி நாள் வரை ரத்து செய்யலாம் என்ற வசதியோடு அறை போடு. உன் அத்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு, அவருக்கு வேறு ஏதாவது ஆசை இருக்கலாம்.

இப்படிக்கு,
அப்பச்சி

பி.கு.: இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இன்டர்நெட்டில் வருகை அட்டை நிரப்பவேண்டும், தங்கும் முகவரியும் கேட்பார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் போலி. அறை முடிவானதும் அந்த முகவரியை எனக்கும் அனுப்பிவை.