உமரிச் சாம்பலுக்கும் பாடத்தில் ஓர் இடம் வேண்டும்

மகரகம, தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர இரசாயனவியல் பாடவிதானக் குழுவினருக்கு,

வணக்கம். கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் விண்ணப்பம் இது. சோடா எனப்படும் சோடியம் காபனேற்றை நம் மாணவர்கள் சோல்வே முறை (உப்பு, சுண்ணாம்புக்கல், அமோனியா கொண்டு அதை ஆலையில் தயாரிக்கும் வழி) மூலமாகவே அறிகிறார்கள். பாடம் தெளிவானது, பரீட்சைக்கும் போதுமானது. ஆனால் 1860களில் பெல்ஜியத்தில் ஏர்னஸ்ட் சோல்வே அம்முறையை நிலைநாட்டுவதற்கு முன்பு, கண்ணாடி செய்தவர்களும் சவர்க்காரம் காய்ச்சியவர்களும் சோடாவுக்கு எங்கே போனார்கள் என்று கேட்கும் மாணவருக்கு அங்கே விடை இல்லை. நெடுங்காலம் பெரும்பாலும் கடலோரச் செடிகளை எரித்தே அதைப் பெற்றார்கள் என்பதையும், அச்செடிகளின் உறவினமான உமரி நம் நாட்டிலும் முளைக்கிறது என்பதையும் அடுத்த திருத்தத்தில் ஆசிரியர் கைநூலிலாவது சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

ஸ்பெயினின் அலிகாந்தே கரையோரத்தில் சல்சோலா முதலிய செடிகளை இதற்கென்றே பயிரிட்டு, அறுத்து, உலர்த்தி, குழிகளில் எரித்தார்கள். சூட்டில் உருகிய சாம்பல் குழியில் தேங்கி, ஆறியதும் கல்லாக இறுகும். அதை உடைத்துத்தான் கப்பலேற்றினார்கள். 'பரில்லா' எனப்பட்ட அந்தக் கட்டிகளில் தரமானவற்றில் ஏறக்குறையக் கால்பங்கு சோடியம் காபனேற்று இருந்தது. வெனிஸ் நகரின் முரானோக் கண்ணாடிக்குச் சிரியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இத்தகைய சாம்பல் போனது. உப்பிலிருந்து சோடா செய்யும் வழியைக் கண்டு பிரெஞ்சுக்காரரான நிக்கொலா லெப்லாங் 1791இல் காப்புரிமை பெற்றது இந்தச் சாம்பலுக்கு மாற்றாகத்தான். அவருடைய முறையில் இயங்கிய ஆலைகள் ஐதரசன் குளோரைட்டு வாயுவைச் சுற்றுப்புறமெங்கும் கக்கியதால், அதைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியா 1863இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. இவ்வளவும் தெரிந்தால்தான் சோல்வே முறை எதை வென்றது என்பது மாணவருக்குப் புரியும்.

வரலாற்றைக் காட்டிலும் நான் வலியுறுத்த விரும்புவது செடிக்குள் நடக்கும் இரசாயனத்தை. விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்தால் பெரும்பாலும் பொற்றாசியம் காபனேற்றே கிடைக்கும். உவர்மண்ணில் வாழும் செடியோ சோடியத்தை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை ஒட்சலேற்று முதலிய சேதன அமில உப்புகளாக வைத்துக்கொள்கிறது. எரியும்போது அவை காபனேற்றாகின்றன. குளோரைட்டாக இருக்கும் பகுதி குளோரைட்டாகவே மிஞ்சுவதால் சாம்பல் தூய்மையாக இருப்பதில்லை. நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பண்பறி பகுப்பு (ஒன்றில் என்னென்ன உள்ளன என்று கண்டறியும் சோதனை) வேறு எது?

மன்னார், புத்தளம், யாழ்ப்பாணக் கடனீரேரிகளின் உவர்ச்சேற்றில் கணுக்கணுவாகச் சதைத்து நிற்கும், முற்றும்போது சிவந்துவிடும் உமரி இந்தக் குடும்பத்துச் செடிதான். காய்ந்த உமரியில் ஒரு பிடியை இரும்புச் சட்டியில் எரித்து, சாம்பலைச் சுடுநீரில் கலக்கி வடித்து, காரத்தைக் காட்டும் பினோத்தலீன் ஒரு துளி விட்டால் வடிநீர் இளஞ்சிவப்பாகும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் நிறம் மறைந்து நுரைக்கும். இன்னொரு பங்கை நைத்திரிக் அமிலத்தால் அமிலமாக்கி வெள்ளி நைத்திரேற்று இட்டால், குளோரைட்டின் வெண்வீழ்படிவு தோன்றும். சுவாலைச் சோதனையில் சோடியத்தின் மஞ்சள் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். பொற்றாசியத்தைத் தேடுபவர் மஞ்சளைத் தடுக்கும் நீலக் கோபாற்றுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். நியமிப்பைச் (செறிவு தெரிந்த அமிலத்தை அளந்து சேர்த்து அளவறியும் முறை) செய்யத் தெரிந்த மாணவர் அளவியை (அமிலத்தை அளந்து விடும் குழாய்) எடுத்துக் காபனேற்றின் சதவீதத்தையும் கணித்துவிடலாம்.

வெள்ளவத்தைப் பாறைக் கரையில் உமரியைத் தேடிப் பயனில்லை என்பது உண்மையே. ஆயினும் கொழும்பு வகுப்புகளில் மன்னாரிலோ கற்பிட்டியிலோ உறவினர் உள்ள பிள்ளைகள் இல்லாமல் போவதில்லை. ஒரு பை காய்ந்த செடி வந்துசேர்வது கடினமன்று. வங்காலைச் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் பிடுங்கக்கூடாது என்பதையும், எரிப்பதை ஆசிரியரே திறந்தவெளியில் செய்ய வேண்டும் என்பதையும் கைநூல் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் அரைப்பக்கம் போதும். பரீட்சையில் கேட்கப்படாத பகுதி என்று குறித்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. தாவரத்தின் பெயரை மட்டும் இலத்தீனோடு நிறுத்தாமல் உமரி என்றும் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு 06.