காரம் குறைந்த சுருட்டு ஒன்று தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் திருச்சி பற்றி வந்த கட்டுரையில் உறையூர்ச் சுருட்டுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நான் சுருட்டுக்குப் புதியவன். துபாயில் கூட வேலை பார்த்த ஒருவர் பழக்கிவிட்டார், வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்றாலும் வாய்ப் புற்று வரலாம் என்று பல் டாக்டரான என் மருமகள் சொல்கிறாள், மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது டொமினிக்கன் குடியரசிலிருந்து வரும் 'ரோபுஸ்டோ' அளவுச் சுருட்டு: அஞ்சு அங்குல நீளம், கட்டைவிரல் பருமன், வெளுத்த மேலிலை, காரம் கம்மி, வறுத்த முந்திரி வாசனை. மார்ச்சில் சென்னைக்கே வந்துவிட்டேன். வரியில்லாமல் கொண்டுவர 25தான் அனுமதி. ஆகஸ்டு கடைசியில் தீர்ந்தது. கடைசி இரண்டில் குண்டூசி குத்தியது போலத் துளை. வெயில் 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்துவிடுமாம், சென்னையில் அது எந்த மாதம் தாண்டாமல் இருக்கிறது?

அப்புறம் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கடையில், துபாய் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து அதே ரகத்தை வாங்கினேன். வீட்டில் வந்து மெல்ல அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், அவர்களோ கண்ணாடி அலமாரியில் ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சொன்னால், "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார் கடைக்காரர். பதிலுக்கு அவர் கொடுத்த நிகராகுவா சுருட்டின் காரம் எனக்குத் தாங்கவில்லை.

சரி, நம்ம ஊர்ச் சுருட்டைத்தான் பார்ப்போமே என்று நாலு கடையில் கேட்டேன். "அதெல்லாம் தாத்தா காலத்தோட போச்சு" என்று சிரித்தார்கள். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். இதே மவுண்ட் ரோட்டில் இருந்த ஸ்பென்சர் கம்பெனி ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. சர்ச்சில் கூடத் திருச்சிச் சுருட்டு பிடித்தவர் என்று சொல்வார்கள். இங்கே கேட்டால் சிரிப்பு.

கடைசியில் என் சித்தப்பா உறையூரிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் நறுக்க வேண்டியதில்லை, பற்ற வைத்தால் போதும். மொட்டை மாடியில் பாதிகூட முடியவில்லை, தலை சுற்றி, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா ஒன்றை முழுசாக முடித்துவிட்டு, காபி போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கினார்.

வாசனை மட்டும் நன்றாக இருந்தது, அதனால் விட மனசில்லை. உறையூரிலோ திண்டுக்கல்லிலோ இதைவிடக் காரம் குறைவாகச் சுற்றுகிறார்களா? தெரிந்த வாசகர்கள் எழுத வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி புகையிலைக்கு விளம்பரம் கூடாது என்பதால் கடைப் பெயரை நீங்கள் அச்சிட வேண்டாம். எந்த ஊர் இலை, காரம் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள், கடையை நானே தேடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அண்ணா நகர், சென்னை