வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் பற்றி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

போன வாரம் ஐந்து பேர்தான் வந்தோம். ஷிஃப்ட், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் தெரியும். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி வருவதும் லேசில்லை. ஆனால் வராதது நமக்கு உறுத்தவே இல்லையே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சில மாதங்களாக எனக்கும் உறுத்தவில்லை.

வேதத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 3:14-22ஐ வாசித்துவிட்டு வாருங்கள். அது லவோதிக்கேயா சபைக்கு ஆண்டவர் சொன்ன செய்தி. லவோதிக்கேயா இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார ஊர். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழும்பியது. அந்த ஊர்ச் சபைக்குத்தான் தனக்கு ஒரு குறையும் இல்லை என்ற நினைப்பு வந்தது. அந்தச் சபைக்கு எழுதினதில் உபத்திரவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கள்ளப்போதகம் பற்றியும் இல்லை. குளிருமில்லாத, அனலுமில்லாத வெதுவெதுப்பு மட்டும்தான். அதற்கே ஆண்டவர் வாசலுக்கு வெளியே நின்று தட்டுகிறார். சபையின் வாசலில்!

சரி, இந்த வெள்ளி இரவு 8 மணி, அதே வீடு. வர முடியாதவர்கள் அந்த நேரத்தில் கேபிலோ மெட்ரோவிலோ இருந்தாலும் பத்து நிமிடம் ஜெபியுங்கள். ஜெபக் குறிப்புகளை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.