நீ அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று நேற்று நான் போன் செய்தபோது உனக்கு அங்கே நடுராத்திரி. தூக்கக் கலக்கத்தில், "அதைத் தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கித் தரேன்" என்றாய். கோபமில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. 2018 மே மாத லீவில் நீ அதை அசெம்பிள் செய்யும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஸ்க்ரூ தொலையாமல் இருக்க என் பித்தான் டப்பாவைக் காலி செய்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் அளவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது.

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வருவதற்குள் பொசுக்கென்று நின்றுவிடும். இதுதான் கோளாறு. கடைக்காரர் ஒருவர் போனிலேயே, "மதர்போர்டு போயிருக்கும்" என்று, எல்லாப் பாகமும் செருகியிருக்கும் அந்தப் பெரிய பலகையைச் சொல்லிவிட்டார். திறந்து பார்க்காமல் சொன்னதை நான் ஏற்கவில்லை.

முதலில் அதே பிளக்கில் அயர்ன்பாக்ஸைச் செருகிப் பார்த்தேன், கரண்ட் சரியாக வந்தது. அப்புறம் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். நீ சொன்னபடி முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் 24 பின் ஒயரையும், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குப் போகும் சின்ன ஒயரையும் பிடுங்கி அழுத்திச் செருகினேன். பிராசஸர் மேல் இருக்கும் ஃபேன் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. ரேம் என்கிற இரண்டு நினைவகப் பட்டைகளையும் எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அது நிற்பது ஒரே கணக்கில். வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, நின்றது. மறுபடியும் நாலு. கெட்டுப்போன சாமான் இப்படிக் கணக்கு வைத்தா நிற்கும்? கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் பட்டனை நாலு செகண்ட் அழுத்திப் பிடி, அணைந்துவிடும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். அப்படியென்றால் நான் விரலை எடுத்த பிறகும் பட்டன் உள்ளே அழுந்தியே இருக்கிறது!

தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றைப் பற்றித் தையல்காரிக்குச் சொல்ல வேண்டுமா? பிரித்த ஊசிப் பொட்டலத்தை நாலு நாள் வெளியே வைத்தாலே துருப்பிடித்துவிடுகிறது. மெஷினுக்கு நான் வாராவாரம் எண்ணெய் விடுகிறேன். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்சை இத்தனை வருஷமாக யார் பார்த்தார்கள்?

மதர்போர்டின் கீழ் மூலையில் பட்டன் ஒயர் செருகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒயரைக் கழற்றினேன். அங்கே வருவது வீட்டுக் கரண்ட் இல்லை, அஞ்சு வோல்ட்டுக்கு மேல் போகாது என்று தெரிந்தும் கை நடுங்கியது. இரண்டு பின்னையும் திருப்புளி நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுத்தேன். ஃபேன் சுற்றியது. நாலு தாண்டியது, பத்து தாண்டியது, திரையில் வெளிச்சம் வந்தது. அழுதுவிட்டேன், தம்பி. நீ அசெம்பிள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்த இரண்டு பின்னில் செருகினேன். இரண்டும் ஒரே மாதிரி அழுத்துகிற ஸ்விட்ச்தானே. இனி அந்தச் சின்னப் பட்டன்தான் ஸ்டார்ட் பட்டன். அடையாளத்துக்கு அதன் பக்கத்தில் சிவப்புத் துணி ஒட்டியிருக்கிறேன். நீ பொங்கலுக்கு வரும்போது பழக்கதோஷத்தில் பெரியதை அழுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அளவு நோட்டையும் உன் சின்ன வயசுப் படங்களையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுக்க வேண்டும், எப்படி என்று சொல்லிக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா