பெற்றோர் ஒப்புதலைச் சட்டமாக்கக் கோரும் சமுதாயச் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு,

வணக்கம். காதல் திருமணத்துக்குப் பெற்றோர் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் நிறைவேற்றும்போது, பெற்றோர் பார்த்து முடிப்பதே தமிழர் மரபு என்பதையும் காரணமாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள். அந்தக் காரணத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

தொல்காப்பியம் மறைவான காதலைச் சொல்லும் களவியலை முதலிலும், மணவாழ்வைச் சொல்லும் கற்பியலை அடுத்தும் வைக்கிறது. கொடுப்பதற்கு உரியவர்கள் மணமகளைக் கொடுக்க, மணமகன் ஏற்பதே கற்பு என்று கற்பியலின் முதல் நூற்பா சொல்வது உண்மைதான். மேடைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இருவரும் உடன்போன காலத்தில் கொடுப்போர் இல்லாமலும் கரணம், அதாவது மணச்சடங்கு, உண்டு என்று அதற்கு அடுத்த நூற்பாவே சொல்கிறது. அது மட்டும் ஏனோ மேடை ஏறுவதில்லை.

கலித்தொகையின் குறிஞ்சிப் பாட்டொன்றில் (39), ஆற்று வெள்ளத்தில் சிக்கிய பெண்ணை ஒருவன் பாய்ந்து கரை சேர்க்கிறான். அவன்மேல் அவள் கொண்ட காதலைத் தோழி வெளிப்படுத்த, தாய் அதை வீட்டு ஆண்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறார்கள். ஒரு பகல் முழுதும் கொதித்து, பிறகு ஆறி, இருவரிடத்தும் குற்றமில்லை என்று தலை சாய்க்கிறார்கள். சினமே வராத உத்தமர்களாக அவர்களைப் புலவர் காட்டவில்லை என்பதால்தான் இந்தப் பாட்டை உங்கள்முன் வைக்கிறேன். வில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர்கள் அதை எடுக்கவில்லை.

பெரியவர்களுக்கென்று ஒரு வேலையும் அந்த மரபில் இருந்தது. நரைத்த தலையில் துணி கட்டிக் கையில் தண்டூன்றியவர்கள் பெண் கேட்டு வர, அவையிலிருந்தோர் ‘நன்று நன்று’ என்று வரவேற்பதைக் காட்டும் வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டு (146), பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்போர் என்று அவர்களைக் குறிக்கிறது.

அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மகளை வீட்டுக்குள் அடைத்த இற்செறிப்பும் அகப்பாடல்களில் உண்டு. பெண் கொடுக்க மறுத்த ஊரின்மேல் வேந்தன் படையெடுத்து வந்ததும் புறநானூற்றில் உண்டு. பாட்டு வேறு, நடப்பு வேறு என்பதையும் அறிவேன். இருந்தும் மரபைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் நீங்கள். அழைத்த சாட்சியை முழுவதும் பேச விட வேண்டாமா?

வயதுவந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, அடுத்த செயற்குழுவில் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாமே மணந்துகொண்டவர்களை ஊர்விலக்கம் செய்திருக்கும் இடங்களில், அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் ஊரார் போகத் தடையில்லை என்று உங்கள் கிளை நிர்வாகிகளுக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாநாடுகளுக்கு வந்துபோகும் ஒருவன்