மூச்சை அடக்கிப் பார்ப்பது நுரையீரல் பரிசோதனை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், ஒரு நிமிடம் மூச்சை அடக்க முடிந்தவருக்கு நுரையீரல் நலமாக இருக்கிறது என்றும், முடியாதவர் ஆக்சிஜன் குறைவால் திணறுகிறார் என்றும் எழுதப்பட்டிருந்தது. நுரையீரல் செயல்திறனை அளக்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இவ்விரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

மூச்சை அடக்கியவரை மீண்டும் மூச்சுவிடத் தூண்டுவதில் முதன்மையானது, இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடு. அது மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைச் சூழ்ந்த நீர்மத்தின் அமிலத்தன்மையைக் கூட்டிவிட, அங்குள்ள உணர்விகள் அதை உடனே கண்டுகொள்கின்றன. நுரையீரலின் நுண்ணறைகளிலுள்ள காற்றில் இவ்வாயு 0.2 சதவீதம் கூடினாலே அங்கு மூச்சால் சென்றுவரும் காற்றின் அளவு இருமடங்காகிறது என்று உடலியங்கியல் அறிஞர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே காட்டிவிட்டனர். ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கழுத்துத் தமனியின் கிளைப்பிலுள்ள கரோட்டிட் உறுப்பு அதைக் கவனிக்கிறது. மூச்சு ஒழுங்குபடுவதில் அப்பகுதியின் பங்கைக் கண்டறிந்ததற்காகவே பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பிறகே அவ்வுறுப்பு உரக்கக் குரல் கொடுக்கும்.

இது வெறும் ஏட்டு நுணுக்கம் அன்று. நீரில் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுபவர், ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்திருக்கும் ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டிக்கொள்வதில்லை. கார்பன் டை ஆக்சைடைத்தான் வெளியேற்றிவிடுகிறார். எச்சரிக்கை மணியே அடிக்காத நிலையில், ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவிழக்கிறார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

அடக்கும் நேரம் பழக்கத்தையும் மனவுறுதியையும் பொறுத்தது. ஆஸ்துமா உள்ளவர் நோய் தணிந்திருக்கும் நாளில் எளிதாக அடக்கிவிடுவார். பதற்றமுள்ள நலமான ஒருவரால் இருபது விநாடிகூட முடியாமல் போகலாம். நுரையீரல் அடைப்பு நோயைக் கண்டறிய, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் நாங்கள் பார்ப்பது வேறு: நெஞ்சு நிறைய இழுத்த காற்றை ஒரே மூச்சில் முழுவதும் ஊதும்போது, முதல் விநாடியில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதே. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது, ஊதிய மொத்தக் காற்றின் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதாகக் கொள்கிறோம். மூக்கில் கிளிப்போடு, முகம் சிவக்க, “ஊதுங்க, இன்னும் ஊதுங்க” என்ற எங்கள் கூச்சலுக்கு ஈடுகொடுத்து ஊதி முடித்த பெரியவர் ஒருவர், “மூச்சை அடக்கச் சொல்லவே இல்லையே, தம்பி?” என்று ஏமாற்றத்துடன் கேட்டார். வீட்டில் அதைத்தான் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு அடைப்பு இருந்தது.

எனவே, அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறும், நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகுவதன் ஆபத்தையும் அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்