புது ஸ்கூட்டருக்கு முதல் மாதம்தான் முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் ஸ்கூட்டரின் மைலேஜ், நிறம், சீட்டுக்கு அடியில் எவ்வளவு இடம் என்பதெல்லாம் விரிவாக வருகின்றன. வாங்கி வந்த பிறகு முதல் ஒரு மாதம் அந்த வண்டியை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. கியர் இல்லாத வண்டிதானே, பெட்ரோல் போட்டால் ஓடும் என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். 50 முதல் 125 சிசி வரையுள்ள சின்ன இன்ஜின்கள் காலத்துக்கு முன்பே கெடுவதற்கு இந்த எண்ணம் பெரிய காரணம். புதிதாக வண்டி வாங்கியவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைத் தங்கள் இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் இன்ஜின் ஆயில். காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் இருக்கும், அதை வடிகட்டக் காகித ஃபில்டரும் இருக்கும். சின்ன ஸ்கூட்டரில் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்கும் குறைவு, பல மாடல்களில் 700, 800 மில்லிதான். வடிகட்டுவதற்குப் பெரும்பாலும் ஒரு கம்பி வலை மட்டுமே உண்டு. புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசிப் பழகும்போது நுண்ணிய உலோகப் பொடி உதிரும். அது அந்த வலையில் நிற்காது, ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகள் வரை சுற்றிவரும். அதனால்தான் முதல் ஆயில் மாற்றத்தை 500 கிலோமீட்டரிலோ 1,000 கிலோமீட்டரிலோ, வண்டியோடு தந்த கையேட்டில் எப்போது என்று போட்டிருக்கிறதோ அப்போதே, செய்துவிட வேண்டும். ஆயில் பார்க்கத் தெளிவாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று தள்ளிப்போடுவது தவறு. அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாது.

ஆயில் அளவு பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வண்டியைச் சமதளத்தில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை)த் துடைத்து உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் அதைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்க்கும் அளவை நம்பவே கூடாது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஆயில் இருந்தால் போதும். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால், மிச்ச ஆயில் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய் ஃபில்டரை நனைத்துவிடும். அதன்பின் இழுவை குறையும், புகை வரும், காரணம் தெரியாமல், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். ஆயிலை வீட்டிலேயே மாற்றுபவர்கள் டிரெய்ன் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. இன்ஜின் கேஸ் அலுமினியம், மரை போய்விட்டால் செலவு பெரியது. போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது.

இரண்டாவதாக ஓர் ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பெல்ட் கேஸுக்கு (இன்ஜின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் உள்ள பெட்டிக்கு) உள்புறம், கியர் பெட்டி ஒன்று தனியாக இருக்கிறது. அதில் 100 முதல் 120 மில்லி வரை கியர் ஆயில் இருக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, டிப் ஸ்டிக்கிலும் தெரியாது. ஆக்சில் சீல் (சக்கர அச்சில் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிந்தால் அந்த ஆயில் நேராகப் பின் பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைக்கும். பின் ரிம்மின் நடுப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அதுதான் அடையாளம். அந்த வண்டியில் பிரேக் எவ்வளவு டைட் வைத்தாலும் பிடிக்காது. சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும், துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவது பயன்படாது.

ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜின் ஓடிப் பழகும் காலத்தைப் பற்றி ஒரு தப்பான யோசனை பரவலாக இருக்கிறது. மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஒரே சீராக ஓட்டு என்பார்கள். மெதுவாக ஓட்டச் சொல்வது சரி, ஒரே சீராக என்பதுதான் தப்பு. ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் ரிங் சரியாகப் பதியாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகக் கூடாது, ஏற்றத்தில் இருவரைச் சுமந்து இன்ஜினைத் திணற விடக் கூடாது. நிறுத்தி வைத்து வெறுமனே ரேஸ் செய்வது புது இன்ஜினுக்கு எந்த விதத்திலும் நல்லதல்ல. டயரும் புதிது என்பதை மறக்க வேண்டாம். அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வளைவில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள்.

கிளட்ச் லீவர் இல்லையே தவிர, கிளட்ச் இருக்கிறது. பின்புறம் பெல்ட் கேஸுக்குள் கிளட்ச் ஷூக்கள் இருக்கின்றன. இன்ஜின் வேகம் கூடும்போது அவை வெளியே விரிந்து கிளட்ச் டிரம்மைப் பற்றுகின்றன. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகியே வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவர்கள் நிறைய. அப்போது ஷூ பாதி பற்றியும் பாதி வழுக்கியும் தேய்கிறது, சூடாகி அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. பிறகு கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே நேரத்தில் பிடிப்பதும் இதே பாதிப்பைத் தரும். ஏற்றத்தில் பிரேக்கில் நிறுத்துங்கள், பிரேக்கை விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரைக் கொடுங்கள். இறக்கத்தில் இன்னொரு விஷயம்: வேகம் மிகவும் குறைந்ததும் ஷூ விலகிவிடும், இன்ஜினின் பிடிப்பு இல்லாமல் வண்டி தானாக உருள ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுவிட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

டயரில் காற்று எவ்வளவு என்பது கையேட்டிலும் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். 110 சிசி வண்டிகள் பலவற்றில் முன்னே 22, பின்னே 29 பி.எஸ்.ஐ., பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பின் டயருக்கு 36 வரை. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், வாரம் ஒரு முறை போதும். 10 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கும், காற்றும் குறைவாக இருந்தால் ரிம் நெளியும். டிரம் பிரேக் லீவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை விளையாட்டு (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) இருக்கலாம். அதற்கு மேல் போனால் டிரம்முக்கு அருகே உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்து, மெயின் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். டிஸ்க் உள்ள வண்டியில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள், அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

கிளப்புவதில் கார்புரேட்டர் வண்டிக்கும் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் முறை) வண்டிக்கும் வேறுபாடு உண்டு. எஃப்.ஐ. வண்டியில் சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகி நிற்கும், அதன்பின் செல்ஃபை அழுத்துங்கள். கார்புரேட்டர் வண்டியில் குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டும் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவர்), ஒரு நிமிடத்தில் அதை விட்டுவிட வேண்டும். செல்ஃபை ஐந்து நொடிக்கு மேல் ஒரேயடியாக அழுத்தாதீர்கள். இந்த வண்டிகளின் பேட்டரி சிறியது, சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் இருந்தால் நெகடிவ் வயரைக் கழற்றி வையுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதன் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி மிச்சப் பெட்ரோலை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். அங்கேயே காய்ந்தால் ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்துக்கொள்ளும்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் வகை) வாங்கியவர்களுக்குக் கணக்கு வேறு. பெட்ரோலோடு கலப்பதானால் கையேட்டில் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். அந்த இடத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றினால் கரி சேரும், பிளக் அடிக்கடி அடைக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

கடைசியாக, ஓட்டும்போது நடக்காத விபத்து ஒன்று. இன்ஜினை ஓடவிட்டபடியே வண்டியைத் தள்ளுகிறோம், அல்லது மெயின் ஸ்டாண்டிலிருந்து முன்னே இறக்குகிறோம். வலது கை இறுகப் பிடிக்கும்போது ஆக்சிலேட்டரும் சேர்ந்து திரும்புகிறது, பின்சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி பாய்கிறது. பயத்தில் கை இன்னும் இறுகும், வண்டி இன்னும் பாயும். ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், இடது கை பிரேக் லீவரில் இருக்க வேண்டும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் குழந்தையை நிற்கவைத்துவிட்டுப் பெற்றோர் கேட்டைத் திறக்கப் போவதும் இதே ஆபத்துதான், குழந்தையின் கைக்கு நேரே ஆக்சிலேட்டர் இருக்கிறது. இறங்குமுன் சாவியை அணைத்துக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள்